கொடிக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயம்

(கல்லூரி மாணவர்களும் விளையாட்டுப் பயிற்சியாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2022 ஜூலையில் சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேட்டி சட்டை போட்ட குதிரைமுகச் சின்னம் 'தம்பி' ஊரெங்கும் கைகூப்பி நின்றார். மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. குகேஷ் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்றார். இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலம் வாங்கியது. நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் அந்தப் போட்டி நம் ஊருக்கு எப்படி வந்தது என்பதை அந்த நாட்களில் நாம் அதிகம் பேசவில்லை. அது மாஸ்கோவில் நடக்க வேண்டியது. பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. மறுநாளே உலக செஸ் கூட்டமைப்பு ஒலிம்பியாட்டை ரஷ்யாவிடமிருந்து எடுத்துவிட்டது. மார்ச் நடுவில் சென்னைக்குக் கொடுத்தது. ரஷ்ய அணிக்கும் பெலாரஸ் அணிக்கும் மாமல்லபுரத்தில் இடமில்லை. பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற அணி எது தெரியுமா? உக்ரைன். அன்னா, மரியா என்ற முசிச்சுக் சகோதரிகள் இருந்த அணி. ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து காய் நகர்த்தினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே சென்னையில், அதே ஆகஸ்டில், உலக செஸ் கூட்டமைப்பின் தலைவராக அர்காடி துவோர்கோவிச் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் விஸ்வநாதன் ஆனந்த் அவருக்குத் துணைத் தலைவர் ஆனார். துவோர்கோவிச் யார்? ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர். ரஷ்யாவின் சதுரங்கக்காரர்கள் தங்கள் நாட்டு அணியாக வர முடியாத விழாவுக்கு ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் தலைமை வகித்தார். போரைக் குறை சொல்லிப் பேசியதற்காக அவர் தன் நாட்டில் வசவு வாங்கியவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். இருந்தாலும் இந்தக் காட்சியில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது. ஒரு நாடு போர் தொடுத்தால் அந்த நாட்டு ஆட்டக்காரரைப் போட்டியிலிருந்து விலக்குவது சரியா என்ற கேள்வியை அந்தக் கோணலிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

செர்கேய் கர்யாகின் என்பது செஸ் ஆடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பழகிய பெயர். 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். பிரக்ஞானந்தா சிறுவனாக இருந்தபோது, 'கர்யாகின் சாதனையை உடைப்பாரா' என்றுதான் நம் பத்திரிகைகள் கேட்டுக்கொண்டிருந்தன. கிரிமியாவில் பிறந்து, உக்ரைனுக்காக ஆடி, 2009இல் ரஷ்யாவுக்கு மாறியவர். போர் தொடங்கியதும் சமூக ஊடகத்தில் அதை வெளிப்படையாக ஆதரித்து எழுதினார். கூட்டமைப்பின் நெறிமுறைக் குழு விசாரித்து அவருக்கு ஆறு மாதம் தடை விதித்தது. அதே விசாரணையில் நின்ற இன்னொரு ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் செர்கேய் ஷிபோவைக் குற்றமில்லை என்று விட்டுவிட்டது.

அந்த ஆறு மாதத்தில்தான் உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் போட்டி வந்தது. கர்யாகினின் இடம் காலியானது. அந்த இடத்துக்குச் சீனாவின் டிங் லிரன் வந்தார், இரண்டாவதாக முடித்தார். அப்போதைய சாம்பியன் கார்ல்சன் 'எனக்குப் பட்டம் வேண்டாம்' என்று விலகினார். டிங், ரஷ்யாவின் யான் நெப்போம்னியாச்சியை 2023இல் வென்று உலகச் சாம்பியன் ஆனார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அந்த டிங்கை வென்று பட்டத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார் 18 வயது குகேஷ். கர்யாகின் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தச் சங்கிலி வேறு விதமாக ஓடியிருக்கலாம். குகேஷின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு தடை எங்கே போய் எதைத் தொடும் என்று அதை விதிப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது நெப்போம்னியாச்சி. அவரும் ரஷ்யர்தான். ஆனால் போரை நிறுத்தச் சொல்லி புதினுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ரஷ்யச் சதுரங்கக்காரர்கள் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் அவர் கையெழுத்து இருந்தது. ரஷ்யக் கொடி இல்லாமல், கூட்டமைப்பின் கொடியின் கீழ் உலகப் பட்டத்துக்கு ஆடினார். அணிக்குத் தடை, கொடிக்குத் தடை, ஒருவர் செய்ததற்கு அவருக்கு மட்டும் விசாரணை, மற்றவர் ஆடலாம். என் கருத்து என்ன என்று கேட்டால், செஸ் உலகம் அந்தப் பதற்றத்திலும் ஏறக்குறைய சரியாகச் செய்தது என்பேன். எல்லா விளையாட்டும் அப்படிச் செய்யவில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். போரில் தோற்றவர்களை விளையாட்டுக்கு அழைக்காமல் விடுவது பழைய வழக்கம். முதல் உலகப் போருக்குப் பின் 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி ஆகியவற்றுக்கு அழைப்பு இல்லை. 1948 லண்டனுக்கு ஜெர்மனியும் ஜப்பானும் இல்லை. அந்த லண்டன் ஒலிம்பிக்கின் நாயகி யார்? நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ் கோன், ஓட்டத்தில் நான்கு தங்கம் வாங்கிய பெண்மணி. அவருடைய நாடு 1947 ஜூலையில் இந்தோனேசியாவின் விடுதலையை நசுக்கப் படை அனுப்பியிருந்தது. 1948 டிசம்பரில் மறுபடியும் அனுப்பியது. நடுவில் லண்டனில் தங்கம் வாங்கியது. யாரும் கேட்கவில்லை. அந்த அம்மையாரைத் தடுத்திருக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். தோற்றவனின் போர்தான் குற்றம் என்ற கணக்கு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

1956இல் இன்னொரு விதம் நடந்தது. சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்த சில வாரங்களில் மெல்போர்ன் ஒலிம்பிக். நெதர்லாந்து, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகியவை ஹங்கேரிக்காகப் போட்டியைப் புறக்கணித்தன. ஆனால் ஹங்கேரியே வந்தது! வாட்டர் போலோவில் சோவியத் அணியை எதிர்த்து இறங்கியது. எர்வின் சாதோர் கண்ணருகே அடிபட்டு ரத்தம் வழிய நீரிலிருந்து ஏறினார். ஹங்கேரி 4-0 என்று வென்று, பிறகு தங்கமும் வாங்கியது. சோவியத்தைத் தடுத்திருந்தால் ஹங்கேரிக்காரனுக்கு அந்த வெற்றி கிடைத்திருக்காது என்று வாதிடுபவர்கள் உண்டு. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றைய ஹங்கேரிய ஆட்டக்காரர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. திரும்பிப் போக ஊர் அவர்களுக்கு இருக்கவில்லை.

புறக்கணிப்பு என்றால் 1980ஐப் பேசாமல் இருக்க முடியாது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் போனதற்காக அமெரிக்க அதிபர் கார்ட்டர் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொன்னார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வரவில்லை. ஆக்கியில் பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து எல்லாம் இல்லை. இந்தியா போனது. நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றது. அதற்குப் பிறகு ஆக்கியில் நமக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை. பாஸ்கரன் அணியின் தங்கத்தை யாராவது 'பாதித் தங்கம்' என்றால் எனக்குக் கோபம் வரும். அதே சமயம் அந்தப் புறக்கணிப்பால் என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும். சோவியத் படை 1989 பிப்ரவரி வரை ஆப்கானிஸ்தானில் இருந்தது. நான்கு ஆண்டு உழைத்த அமெரிக்க ஓட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 1984இல் சோவியத் தன் பங்குக்கு லாஸ் ஏஞ்சலஸ் வரவில்லை. கணக்கு நேராகிவிட்டதாக இரு தரப்பும் நினைத்துக்கொண்டன.

பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் அரசு தன் வீரர்களைப் போக வேண்டாம் என்று அழுத்தியது. செபாஸ்டியன் கோ என்ற இளைஞர் கேட்கவில்லை. மாஸ்கோ போய் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அந்த செபாஸ்டியன் கோதான் இப்போது உலகத் தடகள அமைப்பின் தலைவர். 2022 மார்ச்சில் ரஷ்ய, பெலாரஸ் தடகள வீரர்கள் அனைவரையும் தடை செய்தவர் அவரே. மற்ற விளையாட்டுகளில் நடுநிலை வீரர்களாகச் சிலரை விட்டபோதும், 2024 பாரிஸ் தடகளப் பாதையில் ஒரு ரஷ்யர்கூட ஓடவில்லை. இதை இரட்டை வேடம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. 1980இல் அவர் தன் சொந்த அரசின் பேச்சைக் கேட்க மறுத்தார். 2022இல் ரஷ்ய இளைஞன் ஒருவனுக்கு அப்படி மறுக்கும் வாய்ப்பையே அவருடைய தடை தரவில்லை. நான் குறை சொல்வது இந்த இடத்தைத்தான்.

சரி, தடை எப்போதாவது பலித்திருக்கிறதா? தென்னாப்பிரிக்காவைக் காட்டுவார்கள். சரியான உதாரணம், ஆனால் அதை அப்படியே தூக்கி உக்ரைன் போருக்கு மாட்ட முடியாது. 1964 டோக்கியோவுக்கான அழைப்பைத் திரும்பப் பெற்று, 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே அந்த நாட்டை வெளியேற்றினார்கள். ஏன்? அங்கே நிறவெறி மைதானத்துக்குள்ளேயே இருந்தது. கறுப்பரை அணியில் சேர்க்கமாட்டார்கள், வெள்ளையரோடு ஆடவிடமாட்டார்கள். தடையைக் கேட்டவர்களும் அந்த நாட்டு ஆட்டக்காரர்களே. அவர்களில் முன்னால் நின்ற சாம் ராம்சாமி இந்திய வம்சாவளி. பெயரே நமக்கு உறவு சொல்கிறது. நாடு கடந்து லண்டனில் இருந்துகொண்டு, 'எங்களை விலக்குங்கள்' என்று உலகைக் கேட்டார். முக்கியமாக, எதைச் செய்தால் திரும்ப வரலாம் என்பது தெளிவாக இருந்தது. நிறவெறிச் சட்டங்கள் விழத் தொடங்கின. 1991 நவம்பரில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி கொல்கத்தா ஈடன் கார்டனில் இறங்கியது. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்.

அந்தத் தடைக்கு நாமும் விலை கொடுத்திருக்கிறோம். 1974 டேவிஸ் கோப்பையில் இந்தியா அரையிறுதியில் சோவியத் ஒன்றியத்தைப் புனேயில் வென்று இறுதிக்கு வந்தது. அணியில் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும். இறுதியில் எதிரே தென்னாப்பிரிக்கா. ஆடமாட்டோம் என்றது இந்திய அரசு. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இதுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை. அந்த ஆண்டு வென்றிருக்கலாம் என்று இன்றும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த 1974 விஷயத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. ஒரு நாட்டை விலக்குவதா வேண்டாமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்திருப்பது விதிப்புத்தகம் இல்லை. எதிரே நிற்க மறுத்தவர்கள்தான் தீர்மானித்திருக்கிறார்கள்.

2022 பிப்ரவரியின் கடைசி நாட்களைப் பாருங்கள். கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ரஷ்யாவும் போலந்தும் மார்ச் 24 அன்று மாஸ்கோவில் ஆட வேண்டும். போலந்து முடியாது என்றது. அந்த அணியின் லெவன்டோவ்ஸ்கி தன் சங்கத்தோடு நின்றார். ஸ்வீடனும் செக் குடியரசும் அதையே சொன்னன. ஃபிஃபா முதலில் என்ன செய்தது? பிப்ரவரி 27 அன்று, ரஷ்யா வேறு நாட்டு மைதானத்தில், கொடியும் கீதமும் இல்லாமல், கால்பந்துச் சங்கத்தின் பெயரில் ஆடட்டும் என்று ஒரு சமரசம் சொன்னது. மூன்று நாடுகளும் ஒப்பவில்லை. மறுநாள் 28ஆம் தேதி ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமும் ரஷ்யாவை நீக்கின. ஒரே நாளில் ஃபிஃபாவுக்கு அறம் பிறந்துவிடவில்லை. ஆட்டம் நடத்த எதிரணி கிடைக்கவில்லை.

பாராலிம்பிக்கிலும் இதே கதை. மார்ச் 2 அன்று ரஷ்ய, பெலாரஸ் மாற்றுத்திறனாளி வீரர்கள் நடுநிலையாளர்களாக பெய்ஜிங்கில் ஆடலாம் என்று அறிவித்தார் பாராலிம்பிக் அமைப்பின் தலைவர் ஆண்ட்ரூ பார்சன்ஸ். மற்ற நாடுகள் 'நாங்கள் கிளம்புகிறோம்' என்றன. மார்ச் 3 அன்று முடிவு தலைகீழானது. ஊர் விட்டு ஊர் வந்து, பெட்டியைப் பிரித்து, பயிற்சியும் தொடங்கிவிட்ட வீரர்கள் திரும்பிப் போனார்கள்.

சட்டப்படி இதை முடித்துவைக்க ஐக்கிய நாடுகள் சபை இருக்கிறதே என்று கேட்கலாம். ஒருமுறை அது செய்தது. 1992 மே 30 அன்று பாதுகாப்பு அவையின் 757ஆவது தீர்மானம் யூகோஸ்லாவியா மீது விதித்த தடைகளில் விளையாட்டும் சேர்ந்திருந்தது. ஐரோப்பியக் கோப்பைக்காக ஸ்வீடனில் வந்து இறங்கிவிட்ட யூகோஸ்லாவியக் கால்பந்து அணியைத் திருப்பி அனுப்பினார்கள். பதிலாக டென்மார்க்கை அழைத்தார்கள். கடைசி நேரத்தில் வந்த டென்மார்க் ஜெர்மனியை வென்று கோப்பையைத் தூக்கியது. சில வாரங்களில் பார்சிலோனா ஒலிம்பிக். அங்கே அணிகளுக்கு அனுமதி இல்லை, தனியாட்கள் வெள்ளை உடையில், நாட்டின் பெயர் இல்லாமல் வரலாம் என்று ஒரு வழி கண்டார்கள். துப்பாக்கி சுடுதலில் ஜாஸ்னா செகாரிச் வெள்ளி வாங்கினார். அதே விளையாட்டில் இன்னும் இரண்டு வெண்கலம் கிடைத்தது. இன்று நாம் 'நடுநிலை வீரர்' என்று சொல்லும் ஏற்பாட்டின் முன்மாதிரி அது.

ஆனால் யூகோஸ்லாவியாவுக்குப் பாதுகாப்பு அவையில் வீட்டோ இல்லை. ரஷ்யாவுக்கு இருக்கிறது. 2022 பிப்ரவரி 25 அன்று அங்கே வந்த தீர்மானத்தை ரஷ்யாவே தடுத்துவிட்டது. மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டித்தன. இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. ஆக, வீட்டோ உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று போர் தொடுத்தால் விளையாட்டுத் தடைக்கான சர்வதேசக் கட்டளை ஒருநாளும் வராது. மிச்சம் இருப்பது எதிரணியின் மறுப்பு மட்டும்.

இப்போது அடுத்த கேள்வி தானாக வரும். 2003இல் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்கில் புகுந்தபோது யார் மறுத்தார்கள்? யாரும் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அமெரிக்கக் கொடி பறக்கப் போனார்கள். அந்த ஒலிம்பிக்கில் ஈராக் கால்பந்து அணி அரையிறுதி வரை வந்தது. அதை ஜார்ஜ் புஷ் தன் தேர்தல் விளம்பரத்தில் தன் சாதனைபோலக் காட்டிக்கொண்டார். எங்களை உங்கள் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று ஈராக் ஆட்டக்காரர்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. படையெடுத்தவனுக்குத் தடை இல்லை. படையெடுக்கப்பட்டவன் விளம்பரப் பொம்மை.

காஸாவையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் பாலஸ்தீன ஒலிம்பிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஹானி அல் மஸ்தார் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு மே மாதம் இஸ்ரேலை நீக்கும்படி பாலஸ்தீனச் சங்கம் ஃபிஃபாவைக் கேட்டது. சட்ட ஆலோசனை கேட்கிறோம் என்றது ஃபிஃபா. இஸ்ரேல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் கொடியோடு ஆடியது. ரஷ்யாவுக்கும் இஸ்ரேலுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் ஒலிம்பிக் குழு ஒரு பதில் வைத்திருக்கிறது. ரஷ்ய ஒலிம்பிக் குழுவை 2023 அக்டோபரில் நீக்கியதற்குக் காரணம், ஆக்கிரமித்த தோனெத்ஸ்க், லுகான்ஸ்க், கெர்சோன், சபோரிஷியா பகுதிகளின் விளையாட்டு அமைப்புகளை அது தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதாவது இன்னொரு நாட்டுக் குழுவின் எல்லையை விழுங்கியது. இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். எழுதி வைக்கக்கூடிய, நிரூபிக்கக்கூடிய காரணம். ஆனால் மேற்குக் கரைக் குடியேற்றங்களில் உள்ள கிளப்புகள் இஸ்ரேல் லீக்கில் ஆடுகின்றன என்ற புகார் ஃபிஃபாவிடம் நெடுநாளாகக் கிடந்தது. 2017இல் ஃபிஃபா அதில் ஒன்றும் செய்வதில்லை என்று முடிவெடுத்தது. அளவுகோல் ஒன்றாக இருந்தால் அளப்பதும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

தூரத்து நாடுகளையே சொல்லிக்கொண்டிருப்பது வசதியான வேலை. நம் ஊருக்கு வருகிறேன். முள்ளிவாய்க்காலில் இலங்கைப் போர் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல், தமிழ்நாடு இதே கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. இலங்கை வீரர்கள் வருவதால் ஆசியத் தடகளப் போட்டியைச் சென்னையில் நடத்தமாட்டோம் என்றார் முதல்வர் ஜெயலலிதா. போட்டி புனேக்குப் போனது. மார்ச்சில் கல்லூரிகளில் மாணவர் போராட்டம் மூண்டது. இலங்கை வீரர்கள் உள்ள ஐபிஎல் ஆட்டங்களைச் சென்னையில் அனுமதிக்கமாட்டோம் என்று அவர் பிரதமருக்கு எழுதினார். சென்னை ஆட்டங்களில் அவர்கள் இறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இலங்கையிலிருந்து வந்த கால்பந்துக்காரர்களைத் திருப்பி அனுப்பி, மைதான அதிகாரியைப் பணியிடை நீக்கமும் செய்திருந்தார்கள்.

அன்றைய கோபம் போலியானது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். செத்தவர்கள் நம் மொழி பேசியவர்கள். கோபம் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் அந்தத் தடை யாரைத் தொட்டது? ஐபிஎல் அணிகள் தனியார் அணிகள். அங்கே இலங்கைக் கொடி இல்லை, கீதம் இல்லை. தடை தொட்டது கடவுச்சீட்டை. பெங்களூர் அணியில் இருந்த முத்தையா முரளிதரனும் அந்தப் பட்டியலில் அடங்கினார். கண்டியில் பிறந்த தமிழர், இலங்கையருக்கான தடையில். அவருடைய அரசியல் பேச்சுகளில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. ஆனால் அவற்றுக்காக அவரைத் தடுக்கவில்லை, பிறப்புக்காகத் தடுத்தோம். கொழும்பு அரசுக்கு இதனால் ஒரு துரும்பும் அசையவில்லை. 2023இல் சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டையில் இலங்கையின் பத்திரனாவும் தீக்ஷனாவும் பந்து வீசினார்கள், கூட்டம் கை தட்டியது. இடைப்பட்ட பத்தாண்டில் போர்க்குற்ற விசாரணை நடந்து முடிந்துவிட்டதா? காணாமல் போனவர்கள் பற்றிப் பதில் கிடைத்துவிட்டதா? ஒன்றும் இல்லை. எது நடந்தால் தடையை எடுப்போம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அது சத்தமில்லாமல் கரைந்துபோனது.

ரஷ்யாவுக்கான தடையும் இப்போது அப்படித்தான் கரைந்துகொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில் பாராலிம்பிக் அமைப்பு சியோலில் கூடி ரஷ்யா, பெலாரஸ் மீதான இடைநீக்கத்தை விலக்கியது. போர் ஓய்ந்ததால் விலக்கவில்லை. போர் பழகிவிட்டதால் விலக்கினார்கள்.

கடவுச்சீட்டைத் தொடும் தடைக்கு டென்னிஸிலும் ஓர் உதாரணம் உண்டு. விம்பிள்டன் 2022இல் ரஷ்யாவுக்கும் பெலாரஸுக்கும் ஆடும் அத்தனை பேரையும் தடுத்தது. ரஷ்யாவின் மெத்வதேவ் உட்பட. பெண்கள் பட்டத்தை யார் வென்றது? மாஸ்கோவில் பிறந்து கஜகஸ்தானுக்கு ஆடும் எலேனா ரைபாகினா. கடவுச்சீட்டைப் பார்த்துத் தடுத்தால் இப்படித்தான் ஆகும். அடுத்த ஆண்டே விம்பிள்டன் அந்தத் தடையைக் கைவிட்டது.

சரி, கடவுச்சீட்டை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் விசாரிப்பது என்றால் எதை விசாரிப்பது? பாரிஸ் 2024க்கு நடுநிலை வீரர்களாக வர ஒலிம்பிக் குழு வைத்த முக்கிய நிபந்தனை இரண்டு. போரை ஆதரித்துச் செயல்பட்டிருக்கக் கூடாது. படையோடும் பாதுகாப்புத் துறையோடும் ஒப்பந்தம் இருக்கக் கூடாது. வந்தவர்கள் 32 பேர். ரஷ்யர் 15, பெலாரஸ்காரர் 17. அணிகள் இல்லை, தொடக்க அணிவகுப்பில் இடம் இல்லை. ஐந்து பதக்கம் வாங்கினார்கள். நாட்டுப் பதக்கப் பட்டியலில் அவை சேரவில்லை.

முதல் நிபந்தனை எனக்கு முழுச் சம்மதம். 2022 மார்ச்சில் மாஸ்கோ லூஷ்னிகி அரங்கில் புதின் நடத்திய பேரணியில் நீச்சல் வீரர் யெவ்கெனி ரைலோவ் போரின் 'இசட்' அடையாளம் அணிந்து மேடை ஏறினார். ஒன்பது மாதத் தடை. தோஹாவில் ஜிம்னாஸ்ட் இவான் குலியாக் அதே எழுத்தை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, தங்கம் வென்ற உக்ரைன்காரருக்குப் பக்கத்தில் பதக்க மேடையில் நின்றார். ஓராண்டுத் தடை. இவை செயல்கள், இவற்றுக்குத் தண்டனை தகும். ஆனால் 'போரைக் கண்டித்துப் பேசு, அப்போதுதான் ஆட விடுவோம்' என்று கேட்கக் கூடாது. படையைப் பற்றிப் 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று ரஷ்யா சட்டம் போட்டிருக்கிறது. அங்கே தாய் தந்தையை வைத்துக்கொண்டு ஆடும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் வீரத்தைக் கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை? வாயை மூடிக்கொண்டிருக்க விடுங்கள்.

இரண்டாவது நிபந்தனையை அரைமனதோடுதான் ஏற்கிறேன். உக்ரைன்காரர்கள் சொல்வது புரிகிறது. ரஷ்யாவின் பெரிய விளையாட்டுக் கழகமான சிஎஸ்கேஏ படையின் கழகம். வீரர்களுக்கு ராணுவப் பதவி உண்டு. குண்டு போடும் துறையே சம்பளமும் கொடுக்கிறது. ஆனால் நம் நீரஜ் சோப்ரா இந்திய ராணுவத்தில் இருக்கிறார். மில்கா சிங் ராணுவத்தில்தான் ஓடக் கற்றார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டால் கிடைக்கும் நிலையான வேலை பல நாடுகளில் படையும் போலீசும்தான். நாளை இதே விதி நம்மை நோக்கித் திரும்பினால் முதலில் வெளியே நிற்பவர் யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதைத் தாண்டிப் போக முடியாது. எதிரே நிற்க வேண்டிய உக்ரைன் பெண்ணின் கதி என்ன? 2023 ஜூலை 27, மிலான், உலக வாள்வீச்சுப் போட்டி. ஓல்கா கார்லான் ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என்று வென்றார். கை குலுக்கவில்லை, வாள் நுனியை நீட்டித் தொட்டுக்கொள்ளலாம் என்று காட்டினார். ஸ்மிர்னோவா மேடையை விட்டு இறங்காமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விதிப்படி கார்லான் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நாட்டை இழந்துகொண்டிருப்பவள் மரியாதைக் குறைவுக்காக வெளியே! பிறகு அப்போதைய ஒலிம்பிக் குழுத் தலைவர் தாமஸ் பாக் தலையிட்டு அவருக்குப் பாரிஸில் இடம் உறுதி செய்தார். கை குலுக்கும் விதியையும் தளர்த்தினார்கள். கார்லான் பாரிஸில் தனியாகவும் அணியாகவும் பதக்கம் வாங்கினார், அணிப் பதக்கம் தங்கம். ஆக, மறுப்பதற்கு இடம் கொடுத்தார்கள், ஆட்டமும் நடந்தது. 2025 ஆசியக் கோப்பையில் நம் கிரிக்கெட் அணி பாகிஸ்தானோடு ஆடிவிட்டுக் கை குலுக்காமல் போனது. அதை யாரும் தகுதி நீக்கம் செய்யவில்லை. நம் வாரியத்தின் பலம் கார்லானுக்கு இல்லை.

ஆகவே என் தரப்பு இது. படையெடுத்த அரசு, இன்னொரு நாட்டின் மண்ணையும் அதன் விளையாட்டு அமைப்புகளையும் விழுங்கினால் அதன் கொடி, கீதம், தேசிய அணி, போட்டி நடத்தும் உரிமை, அந்த அரசின் ஆட்கள் வகிக்கும் விளையாட்டுப் பதவிகள், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மாமல்லபுரத்தில் கண்ட கோணல் அப்போதுதான் நேராகும். அந்த விதியைப் போர் வருமுன்னே எழுதி வைக்க வேண்டும், எது நடந்தால் தடை விலகும் என்பதையும் சேர்த்து. வீட்டோ உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். தனி ஆள் தன் பெயரில் வரட்டும். அவர் செய்ததற்கு மட்டும் அவரை விசாரிக்கட்டும். பாதிக்கப்பட்ட நாட்டுக்காரர் அவரோடு ஆட மறுத்தால், புள்ளியோ தரவரிசையோ பறிபோகாமல் மறுக்க உரிமை இருக்கட்டும்.

இது நமக்குச் சும்மா பேசும் விஷயமில்லை. 2019இல் புல்வாமா தாக்குதலுக்குப் பின் டெல்லி துப்பாக்கி சுடுதல் போட்டிக்கு வரவிருந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு இந்தியா விசா மறுத்தது. ஒலிம்பிக் குழு அவர்கள் கலந்துகொள்ளவிருந்த பிரிவின் ஒலிம்பிக் தகுதி இடங்களை ரத்து செய்து, இந்தியாவில் போட்டி நடத்துவது பற்றிய பேச்சையே நிறுத்தியது. இனி யாருக்கும் விசா மறுக்கமாட்டோம் என்று அரசு எழுதிக் கொடுத்த பிறகுதான் ஜூனில் கதவு திறந்தது. இப்போது 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது, 2036 ஒலிம்பிக்கையும் கேட்டிருக்கிறோம். நடத்துகிற நாடு என்றால் எல்லோரையும் உள்ளே விட வேண்டும். எந்தப் பக்கம் வேலி, எந்தப் பக்கம் வாசல் என்று நம் நாடாளுமன்றத்திலும் நம் விளையாட்டுச் சங்கங்களிலும் முழுதாக விவாதித்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த போர் தொடங்கிய இரவில் அதைப் பேச முடியாது. இங்கே இருக்கும் மாணவர்கள் உங்கள் ஊர் எம்.பி.யிடமும், பயிற்சியாளர்கள் உங்கள் மாவட்டச் சங்கக் கூட்டத்திலும் இந்தக் கேள்வியை எழுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.